லாரி ஷெட்டில் கிடந்த விதைப்பூண்டு

மூஞ்சிக்கல்லில் பஸ் ரோட்டை விட்டு இறங்கினால், சரிவில் தகரக் கூரை போட்ட பலகை ஷெட் ஒன்று இருந்தது. லாரி ஏஜெண்டு சேனாதிபதியின் ஷெட். அறுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், அதன் பின்பக்கச் சுவரோடு முகத்தைப் பதித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பதைக் கொடைக்கானலில் பலரும் பார்த்தார்கள். தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருப்பாள். காதில் கனத்த தண்டட்டி ஆடும். பலகை இடுக்கில் மூக்கை வைத்து மூச்சை இழுப்பாள். கண்ணை மூடிச் சற்று நேரம் நிற்பாள். பிறகு அடுத்த இடுக்குக்கு நகர்வாள்.

சிலர் பைத்தியம் என்றார்கள். சிலர் திருட வந்தவள் என்றார்கள். அவள் திருட வரவில்லை. பறிகொடுத்தவளே அவள்தான். உள்ளே அடைபட்டுக் கிடந்த தன் விதைப்பூண்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் சோலையம்மாள். மன்னவனூரில் பிறந்து கவுஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். தாய்வீட்டிலிருந்து வரும்போது அவள் கொண்டு வந்தவை இரண்டே. காதில் தண்டட்டி, குதிரை முதுகில் ஒரு பொதி விதைப்பூண்டு. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் சீதனம். அந்த விதையை விற்க மாட்டார்கள், இரவல் தர மாட்டார்கள். வீட்டில் பெண் பிறந்தால் அவளுக்குப் போகும். ஒவ்வொரு அறுப்பிலும் பருத்த பூண்டாகப் பொறுக்கி, தாளோடு பிணைத்து, அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் தொங்கவிடுவாள் சோலையம்மாள். அடுப்புப் புகை ஏற ஏற அதன் தோல் பழுப்பாகும். புகையில் இருக்கும்வரை விதை தூங்கும். ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். மண்ணுக்குள் போகுமுன் விழித்துக்கொண்ட விதை அழுகித்தான் போகும்.

புகையில் பிள்ளை இருமினாலும் அவள் அடுப்பை அணைத்ததில்லை. ஒரே மகள் வடிவைப் பாலசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்தபோது, "எங்க காட்டுல பூண்டு வராது அத்தே" என்று மாப்பிள்ளை சிரித்தான். கீழ்நாட்டு வெயிலில் அது வராதுதான். அதனால் விதை தாயிடமே தங்கிவிட்டது. வடிவுக்குச் சேர வேண்டியது தன் அடுப்புக்கு மேல் தொங்குகிறது என்றே சோலையம்மாள் நினைத்து வந்தாள். வடிவுக்கு ஒரு பெண் பிறந்து, அவள் மலையில் வாழ்க்கைப்படும் நாள் வராமலா போகும்?

அப்படி இருந்த குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது. அவள் கணவன் நாச்சிமுத்து உழுத நிலம் அண்ணன் பேரில் இருந்தது. கூடப் பிறந்தவன்தானே என்று இவன் பங்கை எழுதிக் கேட்கவில்லை. கூடப் பிறந்தவன்தானே என்று அவனும் விற்பதைச் சொல்லவில்லை. கீழ்நாட்டு வியாபாரி ஒருவன் வந்து அளக்கத் தொடங்கிய அன்றுதான் நிலம் விற்றுப்போன செய்தியே நாச்சிமுத்துவுக்குத் தெரியும். வரப்பில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனை எழுப்பிக்கொண்டு வந்தவள் சோலையம்மாள்.

"மண்ணுதான போச்சு. விதை இருக்குல்ல" என்றாள்.

வில்பட்டியில் குத்தகைக்கு ஒரு துண்டு நிலமும், அதன் தலைமாட்டில் ஒரு வீடும் கிடைத்தன. நிலத்துக்காரர் கொடைக்கானல் கடைவீதி மளிகை வியாபாரி திருமலைச்சாமி. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"திருக்கார்த்திகைக்குள்ள நெலத்துல பயிர் நிக்கணும் நாச்சிமுத்து. தரிசாக் கெடந்துச்சுன்னா நான் பொறுக்க மாட்டேன். கேட்டுக்கிட்டு இன்னொருத்தன் நிக்கிறான்."

"விதை கையில இருக்குங்க. போனதும் ஊண்ட வேண்டியதுதான்" என்றான் நாச்சிமுத்து.

கவுஞ்சியிலிருந்து பூம்பாறை வரை குதிரைப் பொதி. பூம்பாறையிலிருந்து வில்பட்டிக்கு லாரி. லாரி என்றால் அந்தப் பக்கத்தில் சேனாதிபதிதான். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் பிழைப்பைத் தொடங்கியவர். பிறகு வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றுவதில் இறங்கினார். சந்தனப் பொட்டு, கக்கத்தில் குடை, வாயில் எப்போதும் தாழ்ந்த குரல். அவர் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அறுவது ரூவா குடுங்க அண்ணே. ஏத்தி, எறக்கி, வீட்டுக்குள்ள வச்சுக் குடுத்துர்றோம். நம்ம முருகனுக்குப் பொதுவா ஒரே பேச்சு" என்றார்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன் காட்டாத கனிவை யாரோ ஒருவர் காட்டினால் மனசு இளகாமல் என்ன செய்யும்?

"பால் காய்ச்ச நல்ல நேரமெல்லாம் பாத்தாச்சுங்களா?"

"வெள்ளிக்கெழமைங்க. ஒம்பதேகால்லேர்ந்து பத்தேகால் வரைக்கும். அதுக்குப் பொறகு ராகுகாலம் வந்துரும்."

"அதுக்குள்ள கொண்டாந்து சேத்துருவோம். நேரம்தானே எல்லாம்" என்றார் சேனாதிபதி. பக்கத்தில் நின்ற தன் ஆளிடம் திரும்பினார். "ஏலே ஞானவேலு, மனசுல வச்சுக்க. வெள்ளிக்கெழமை, பத்தேகால்."

தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே நீட்டுகிறோம் என்பது அந்தக் கள்ளமில்லாத மனிதனுக்கு எப்படித் தெரியும்? யார் எந்த நேரத்தில் பால் காய்ச்சப் போகிறார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வதுதான் சேனாதிபதியின் தொழில் நுணுக்கம். நல்ல நேரம் நெருங்கும்போது எவனும் பேரம் பேச மாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின நாள், அடுப்புக்கு மேலிருந்து விதையை இறக்கி மூட்டை கட்டினாள் சோலையம்மாள். விளக்கும் உப்பும் பால் பானையும் அவள் கையில் முன்னால் போக வேண்டியவை. ஒரு நாள் முன்னதாகவே வில்பட்டி போய், பக்கத்து வீட்டில் தங்கி, காலையில் வாசல் தெளித்து வைக்க வேண்டும்.

"விதை மூட்டையையும் உன்னோட ஒரு குதிரையில போட்டு விட்டுர்றேன் புள்ள" என்றான் நாச்சிமுத்து. "லாரியில எதுக்கு?"

"பால் பொங்காத வீட்டுக்குள்ளயும், அடுத்தவுக வீட்டுக்குள்ளயும் விதை போகக் கூடாதுங்க."

"வாசல்ல வச்சிரு."

"வாசல்ல வச்சா மண்ணு ஈரம் ஏறாதா? ஒரு ராத்திரிதான. நீங்க கூட வாறீங்க, லாரியில அது பத்திரமா வந்துரும். பால் பொங்கினதும் முதல் சாமானா உள்ள எடுத்து வைங்க."

அவன் மறுக்கவில்லை. விதை விஷயத்தில் அவள் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம். அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து அவள் ஆயுசெல்லாம் வெந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, வில்பட்டி வீட்டு வாசலில் கோலம் போட்டு, பால் பானைக்கு மஞ்சள் பூசி, அடுப்பைக் கூட்டிவிட்டுக் காத்திருந்தாள். கணவன் வாசலில் நிற்க, மனைவி விளக்கேற்றிப் பாலைப் பொங்கவிடுவது அவர்கள் வழக்கம். பக்கத்து வீட்டு வீரம்மாள் சீனியும் பழமும் கொண்டு வந்து வைத்தாள்.

"மணி ஒம்பதாச்சு. லாரிச் சத்தத்தையே காணோமே" என்றாள் வீரம்மாள்.

"வந்துருவாக."

லாரி அப்போது மூஞ்சிக்கல்லில் நின்றுகொண்டிருந்தது. வில்பட்டிப் பக்கம் திரும்ப வேண்டிய வண்டியை ஷெட்டுக்கு இறக்கிவிட்டான் டிரைவர். முன்னால் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து என்ன ஏது என்று கேட்பதற்குள் சேனாதிபதி குடையோடு வந்தார்.

"கூடக் கொஞ்சம் ஆகும் போலிருக்கு அண்ணே. ஒரு பேச்சுப் பேசிட்டுப் போயிரலாம்."

"அதான் பேசி முடிச்சாச்சேங்க. அறுவது."

"அது லாரி வாடகை. ஏத்துக்கூலி யாரு குடுக்குறது? தார்ப்பாய் போட்டு மூடியிருக்கான் பாருங்க, மழைக்காலம், அதுக்குத் தனி. பூம்பாறையில லாரி காத்துக் கெடந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, வீட்டுச் சாமான்னு சொல்லிப்புட்டு மூட்டை ஏத்தியிருக்கீங்களே. பூண்டு வீட்டுச் சாமான் இல்ல அண்ணே. சரக்கு. சரக்குக்கு ரேட்டு வேற."

"சரக்கு இல்லீங்க. விதைங்க அது."

"விதையோ சரக்கோ, லாரிக்கு எடை எடைதான். நூத்தி எம்பது குடுத்துருங்க."

நாச்சிமுத்து மடியைத் தடவிப் பார்த்தான். மடியில் இருந்தது பேசிய அறுபதும் வழிச்செலவுக்கு ஒரு பத்தும்தான்.

"மொதலாளி, எழுவது இருக்கு. எல்லாத்தையும் வச்சுக்கங்க. மிச்சத்தை அறுப்பு முடிஞ்சதும் நானே கொண்டாந்து தாரேன்."

சேனாதிபதி தன் ஆள் பக்கம் திரும்பினார். "ஏலே ஞானவேலு, மணி என்னடா?" என்றார்.

"ஒம்பதே முக்காலுங்க."

"அண்ணே, அரை மணி நேரம் இருக்கு. இங்கேர்ந்து வில்பட்டி எம்புட்டுத் தூரம்? ஊருக்குள்ள யாருகிட்டயாவது கைமாத்து வாங்கிட்டு வெரசா வாங்க. பால் பானை காத்துக்கிட்டு இருக்கும்."

அந்த ஊரில் நாச்சிமுத்துவுக்குத் தெரிந்த ஒரே மனிதர் திருமலைச்சாமி. ஓடினான். கடையில் அவர் இல்லை. திண்டுக்கல் போயிருந்தார். திரும்பி ஓடி வந்தபோது லாரி காலியாக நின்றது. சாமான்களை ஷெட்டுக்குள் இறக்கிப் பூட்டியாகிவிட்டது. வேறு சவாரி இருக்கிறதாம்.

வில்பட்டியில் பத்தேகாலும் ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று. வீரம்மாள் எழுந்து போய்விட்டாள். மத்தியானம் கையை வீசிக்கொண்டு வந்து நின்ற கணவனைப் பார்த்ததும் சோலையம்மாள் கேட்ட முதல் கேள்வி, "விதை எங்கங்க?" என்பதுதான். அவன் சொல்லி முடித்தான். பொங்காத பால் பானையை எடுத்துக் கொல்லையில் கவிழ்த்தாள் அவள். அன்று விளக்கேற்றாமலே அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

மறுநாள் வெள்ளனே இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். சேனாதிபதி காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"நேத்தே குடுத்திருந்தா நூத்தி எம்பதோட போயிருக்கும் ஆத்தா. இப்ப ஷெட் வாடகையும் சேருது. நான் என்ன செய்ய, எடத்தை அடைச்சுக்கிட்டு கெடக்கே."

"எங்களைப் பாத்தா உங்களுக்குப் பாவமா இல்லீங்களா?" என்றாள் சோலையம்மாள்.

"பாவம்தான். அதுனாலதான் இன்னொரு வழி சொல்றேன். அந்த எழுவதைக் குடுத்துட்டுக் கட்டிலு, பாத்திரம், துணிமணி எல்லாத்தையும் எடுத்துக்கங்க. மூட்டை மட்டும் இருக்கட்டும். பணம் வந்ததும் எடுத்துட்டுப் போங்க."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் சரி என்றிருப்பாள். குளிருக்குப் போர்த்தக் கம்பளிகூட இல்லாமல் முந்தின இரவைக் கழித்தவள் அவள். ஆனால் அவள் கையைக் கூப்பினாள்.

"ஐயா, கட்டிலையும் பாத்திரத்தையும் நீங்களே வச்சுக்கங்க. எல்லாத்தையும் வித்துக்கூட எடுத்துக்கங்க. அந்த மூட்டையை மட்டும் குடுத்துருங்க. அதுபோதும்."

சேனாதிபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படீன்னா உசிரு அதுலதான் இருக்கு போல" என்றார் மெதுவாக. "ஞானவேலு, அந்த மூட்டையை உள்ளார கடைசிக்குத் தள்ளி வைடா. சாவியை எங்கிட்டக் குடு."

உள்ளதை உள்ளபடி சொல்லிக் கெட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தியானாள் சோலையம்மாள்.

திண்டுக்கல்லிலிருந்து திரும்பிய திருமலைச்சாமியிடம் போய் முறையிட்டார்கள். அவர் பருப்பு அளந்துகொண்டே கேட்டார்.

"சேனாதிபதியா அப்படிக் கேட்டாரு? நம்ம பங்களாச் சாமானை அவருதான் மதுரையிலேர்ந்து ஏத்திக்கிட்டு வந்தாரு. பேசினதுக்கு மேல சல்லிக்காசு கேக்கலியே."

"உங்ககிட்டக் கேப்பாராங்க?" என்றான் நாச்சிமுத்து.

"நீ சரியாப் பேசிக்கிட்டிருக்க மாட்டே. போயி அனுசரிச்சு முடிச்சுக்க. இந்தச் சில்லறைச் சோலியில என்னை இழுக்காதே. திருக்கார்த்திகை ஞாபகம் இருக்குல்ல?"

ஒரு வார்த்தை, கடைப் பையனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் ஷெட் திறந்திருக்கும். அவர் பருப்பை அளந்தார். போலீஸ் என்ற சொல்லை நாச்சிமுத்து வாயெடுத்துச் சொல்லக்கூடப் பயந்தான். கவுஞ்சியில் பிறந்தவனுக்குக் காக்கிச் சட்டை என்றால் காட்டிலாகாக் காவலரும் ஒன்றுதான், போலீசும் ஒன்றுதான். இரண்டிடமிருந்தும் ஒதுங்கித்தான் அவனுக்குப் பழக்கம்.

மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கூரையில் ஓட்டை இருந்தது. அது சோலையம்மாளுக்குத் தெரியும். சாமான் பார்க்க வந்த அன்று வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கீழே விழுந்ததைப் பார்த்திருந்தாள். வில்பட்டியிலிருந்து தினமும் நடந்து வந்து, பலகைச் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தாள். முதலில் அவள் அடுப்பின் வாசனையே வந்தது. புகையும் காரமும் கலந்த, அவள் சேலையிலும் தலைமுடியிலும் இத்தனை வருஷமாக இருந்த வாசனை. சில நாளில் புகை வாசனை குறைந்து பச்சை வாசனை லேசாகத் தலைகாட்டியது. விதை விழித்துக்கொள்ளப் பார்க்கிறது.

"தம்பி" என்று ஞானவேலைக் கூப்பிட்டாள். "மூட்டையைக் குடுக்க வேணாம். அவுத்து, கொத்துக் கொத்தா உத்தரத்துல தொங்கவிட்டு, கீழ ஒரு சட்டியில கொஞ்சம் புகை போடுறியா? உனக்குப் புண்ணியமாப் போகும்."

"சாவி மொதலாளிகிட்ட இருக்கு அக்கா. எங்கிட்ட இருந்தாலும் ஷெட்டுக்குள்ள புகை போட்டா என் வேலை போயிரும்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீங்க வராதீங்க அக்கா. வர வர அவரு ரேட்டைக் கூட்டுறாரு."

அவள் வராமல் இருக்கவில்லை. மறுநாள் ஒரு மண்சட்டியில் தணலும், மடியில் வாட்டில் மரப்பட்டையும் பச்சைத் தழையும் கொண்டு வந்தாள். கூரை இறக்கத்துக்குக் கீழே, காற்று ஷெட்டுக்குள் போகும் பக்கமாகச் சட்டியை வைத்தாள். தழையைப் போட்டு ஊதினாள். புகை எழுந்து பலகை இடுக்குகளில் நுழைந்தது. நுழையாமல் தவறிய புகையை முந்தானையால் விசிறி உள்ளே தள்ளினாள். கண் எரிந்து நீர் வடிந்தது. அது புகையால் வந்த நீர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தன் பொருளைப் பூட்டி வைத்தவனுடைய சுவருக்கு வெளியே நின்று, உள்ளே கிடக்கும் அதற்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அந்தத் தாய். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தாய்க்காவது உள்ளே ஒரு டாக்டர் இருக்கிறார் என்ற ஆறுதல் உண்டு. இவளுக்கு யார் இருந்தார்கள்?

இப்படிச் சில நாள் போயிற்று. நாச்சிமுத்து கூலி வேலைக்குப் போனான். உருளைக்கிழங்கு வெட்டியும் விறகு சுமந்தும் சேர்த்தான். அவன் சேர்க்கும் வேகத்தைவிட ஷெட் வாடகை ஏறும் வேகம் அதிகமாக இருந்தது.

ஒரு நாள் புகை போட்டுக்கொண்டிருந்தபோது குடை நிழல் அவள்மேல் விழுந்தது.

"என்ன ஆத்தா, என் ஷெட்டுக்குத் தீ வைக்கப் பாக்குறியா?"

"இல்லீங்க. விதைக்குப் புகை..."

"பலகைச் சுவரு. பக்கத்துல பெட்ரோல் டின்னு. பத்திக்கிச்சுன்னா யாரு பொறுப்பு? காவலுக்கு ஒரு ஆளு போடணும் இனிமே. அவன் கூலியும் உங்க கணக்குதான்."

சட்டியைக் காலால் புரட்டினார். தணல் ஈரத்தில் விழுந்து சீறி அணைந்தது. சோலையம்மாள் குனிந்து உடையாத சட்டியை எடுத்துக்கொண்டாள். அன்று அவள் முகர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றிக் கணவன் கையில் வைத்தாள். அவன் வாங்க மாட்டேன் என்றான். தன் காலத்தில் அது மட்டும் அவள் காதைவிட்டு இறங்கக் கூடாது என்று கல்யாணத்தன்று நினைத்தவன்.

"உன் அம்மா போட்டு அனுப்பினதுடி."

"விதையும் அவுக குடுத்ததுதாங்க. ஒண்ணைக் குடுத்து ஒண்ணைக் காப்பாத்துவோம்."

கடைவீதியில் தண்டட்டியை விற்றார்கள். சேனாதிபதி கேட்டதைக் கேட்டபடி எண்ணி வைத்தார்கள். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை அவர். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏலே, சாமானை எல்லாம் பத்திரமா எடுத்துக் குடுறா. எதையும் நாங்க தொடலை ஆத்தா. பாத்துக்கங்க."

சாவி திரும்பியது. கதவைத் திறந்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சோலையம்மாள் மட்டும் பொத்திக்கொள்ளவில்லை. கடைசி மூலையில், கூரை ஓட்டைக்கு நேர் கீழே கிடந்தது மூட்டை. சாக்கின் கண்களிலெல்லாம் பச்சை முளை துருத்திக்கொண்டிருந்தது. அவிழ்த்தாள். வெளிப்பக்கத்துப் பூண்டெல்லாம் முளைத்து வெளுத்து நீண்டு கிடந்தன. உள்ளே கையை விட்டால் கூழ். கறுத்த, சூடான கூழ். முழங்கை வரை கையைவிட்டு அடிவரை துழாவினாள். கெட்டியாக ஏதாவது கையில் தட்டுகிறதா என்று. தட்டியதை எடுத்துப் பார்த்தாள். மூட்டை கட்டும்போது உள்ளே விழுந்த அடுப்புக் கரி.

அவள் அழவில்லை. நாச்சிமுத்துதான் ஷெட் வாசலில் உட்கார்ந்து, வரப்பில் அழுதது போலத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். இந்த முறை அவனை எழுப்புவதற்கு அவளிடம் சொல் இல்லை.

ஆனாலும் அவள் ஊன்றினாள். சாக்கின் ஓரத்தில் முளைத்துக் கிடந்தவற்றில் அழுகாத பல்லாகப் பிரித்து, வில்பட்டி நிலத்தில் மழையோடு மழையாக ஊன்றினாள். நிலத்தின் ஒரு மூலைக்குக்கூட அவை போதவில்லை. வேறு விதை வாங்கக் கையில் காசில்லை. நட்டதிலும் பாதி தலைசாய்ந்தது. மிச்சம் நூல் நூலாக நின்றது. திருக்கார்த்திகைக்கு முந்தின வாரம் திருமலைச்சாமி வந்து வரப்பில் நின்றார்.

"இதுவா பயிரு?"

நாச்சிமுத்து நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான். அவர் கையை உயர்த்தினார்.

"உன் கதை எனக்குத் தெரியும். எனக்கும் பொழப்பு ஓடணும்ல. சொக்கப்பனை கொளுத்துறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிரு. வாற ஆளுக்கு அது வேணும்."

புது ஆள் உருளைக்கிழங்கு விதையோடு தயாராக இருந்தான். அவன் சாமானும் சேனாதிபதியின் லாரியில்தான் வரப்போகிறது.

கட்டிலையும் பாத்திரங்களையும் வந்த விலைக்கு விற்றுக் கடைக்கடனை அடைத்தார்கள். மகள் வீட்டுக்குப் பாலசமுத்திரம் போவது என்று முடிவாயிற்று. அந்த நாளில் ஞானவேல் வில்பட்டிக்கு வந்து வாசலில் நின்றான். முகத்தை நிமிர்த்தவில்லை.

"மொதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாரு அக்கா. காலி பண்றீங்களாமே. என்னைக்கு, எந்நேரம்னு."

சோலையம்மாள் அவனைப் பார்த்தாள். அந்த வருஷம் முழுவதிலும் ஒரே ஒரு முறையாகச் சிரித்தாள்.

"ஏத்துறதுக்கு என்ன இருக்கு தம்பி? நேரம் எதுக்குக் கேக்குறாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவர்கள் கிளம்பினார்கள். விளக்கையும் உப்பையும் ஒரு துணியில் முடிந்திருந்தாள். "ராகுகாலம்டி, கொஞ்சம் பொறுத்துப் போங்க" என்று வீரம்மாள் ஓடி வந்து தடுத்தாள். நாள் பார்த்து, நேரம் பார்த்து, திசை பார்த்து வாழ்ந்தவள் சோலையம்மாள். நிற்காமல் படி இறங்கினாள். பழனி மலைப்பாதையில் கீழே கீழே இறங்க, குளிர் விட்டு வெயில் ஏறியது. போர்வை தேவைப்படாத ஊர். பூண்டு வராத ஊர்.

பாலசமுத்திரத்தில் அவள் கடலைக் காட்டுக்கும் வெங்காயக் காட்டுக்கும் களை எடுக்கப் போனாள். நாச்சிமுத்து அதன் பிறகு எதற்கும் விலை பேசியதில்லை. கடைக்குப் போகச் சொன்னால் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். இரண்டு கோடை அந்த வெயிலைத் தாங்கினான், மூன்றாவதில் போய்ச் சேர்ந்தான். வடிவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது சோலையம்மாள் அதன் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று வடிவு பின்னாளில் சொல்வாள். அந்தக் குழந்தைக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருந்தது?

பேறுகாலப் பத்தியத்துக்குப் பூண்டு வேண்டுமல்லவா? வடிவு காசு கொடுத்து அனுப்பினாள். பழனிச் சந்தையில் ஒரு பூண்டுக் கடை முன்னால் வந்து நின்றாள் சோலையம்மாள். ஐம்பது வயதை எட்டப் போகிற அவள், பிறந்தது முதல் பூண்டை விலைகொடுத்து வாங்கியதே இல்லை.

"அசல் மலைப்பூண்டு ஆத்தா. கவுஞ்சிப் பூண்டு. மோந்து பாரு" என்று கடைக்காரன் ஒன்றை எடுத்து நீட்டினான். பக்கத்தில் வாங்கியவர்களிடம் சொன்னதைவிட அவளிடம் விலையைக் கூட்டிச் சொன்னான். தண்டட்டி இல்லாமல் தோள் வரை தொங்கிய வெறுங்காதைப் பார்த்து மலங்காட்டுக்காரி என்று நினைத்தானோ, ஏமாந்தவள் என்று நினைத்தானோ.

அவள் அதை வாங்கி மூக்கருகே கொண்டு போனாள். புகை வாசனையே இல்லை. கவுஞ்சிப் பூண்டுமில்லை, மலைப்பூண்டுமில்லை.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவன் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தாள்.